உப்புக் காற்றில் கம்பி: ராமநாதபுரம் கடற்கரையில் கான்கிரீட் சீக்கிரம் வெடிப்பது ஏன்?

கடலோர ஊரில் ஒரு சன்ஷேடு இடிந்து விழுந்தால் முதலில் வரும் பேச்சு "சிமெண்டைக் குறைச்சுட்டான்" என்பதுதான். அடுத்தது, "வெள்ளைக்காரன் கட்டின பாலம் நூறு வருஷம் நின்னுச்சு, இவங்க கட்டினது இருபது வருஷத்துல போச்சு." தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி என்று எங்கே போனாலும் இந்த இரண்டும் காதில் விழும். சிமெண்ட் திருட்டு நடப்பதே இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் சொந்தக் காசில், மூட்டையைக் கூட்டிப் போட்டு, வீட்டுக்காரரே பக்கத்தில் நின்று கட்டிய வீடும் இந்தக் கரையில் பத்துப் பதினைந்து வருஷத்தில் கம்பி தெரிய நிற்கிறது. அதற்கு யார் திருடினார்கள்?

கலக்கிய தண்ணீரையும், கம்பிக்கு மேல் இருந்த கான்கிரீட்டின் கனத்தையும் கேட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். இவ்விரண்டையும் கேட்காமல் ஒப்பந்தக்காரரை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதால், அடுத்த கட்டடமும் அதே வழியில் போகிறது.

முதலில் இடத்தின் இயல்பைப் பார்த்துவிடலாம். கிழக்குக் கடற்கரையின் மற்ற ஊர்களில் வருஷத்தில் சில மாதங்களாவது நிலக்காற்று ஓங்கி வீசும். மண்டபம் முனைக்கும் ராமேஸ்வரம் தீவுக்கும் அந்த ஓய்வு கிடையாது. வடக்கே பாக் நீரிணை, மீனவர் பேச்சில் வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, தென்கடல். வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று தென்கடல் உப்பைக் கொண்டுவருகிறது. ஐப்பசியில் தொடங்கும் வாடை வடகடல் உப்பைக் கொண்டுவருகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடற்காற்றுதான். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், சுருக்கமாக சிக்ரி, துருச் சோதனை நிலையத்தை மண்டபத்தில் வைத்திருப்பதற்கும் இதுவே பொருத்தம். நாட்டில் இரும்பு மிக வேகமாகத் துருப்பிடிக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

கம்பிக்கு என்ன ஆகிறது

நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்காது. சிமெண்டின் காரத்தன்மை (pH அளவு) 12.5க்கு மேல் இருப்பதால் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலம் உருவாகிறது. ஈரம் பட்டாலும் காற்று பட்டாலும் அந்தப் படலம் இருக்கும்வரை கவலையில்லை. உப்பில் இருக்கும் குளோரைடுதான் அதை உடைக்கிறது. அதுவும் கம்பி முழுக்க ஒரே சீராக உடைப்பதில்லை. ஊசி குத்தியதுபோல் அங்கங்கே குழி போடுகிறது. வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே 10 மில்லிமீட்டர் கம்பி ஒரு இடத்தில் மட்டும் பாதியாகியிருக்கும்.

துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். உள்ளே இடமில்லாததால் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக விரிசல் வருவது இதனால்தான். பூச்சு வெடிப்பு வலைபோலக் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். துரு விரிசல் கம்பியின் மேலேயே நேராகப் போகும், ஓரத்தில் பழுப்புக் கறை இறங்கும். இந்த வித்தியாசம் தெரிந்தாலே பாதி நோய் பிடிபட்டுவிடும்.

உப்பும் ஈரமும் போதாது, துருவுக்குப் பிராணவாயுவும் வேண்டும். அதனால் எப்போதும் கடலுக்குள் மூழ்கிக் கிடக்கும் தூண் பகுதி நன்றாகவே இருக்கும். பாக் நீரிணையில் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அந்தக் குறுகிய பட்டையிலும், அதற்கு மேலே அலை தெறிக்கும் உயரத்திலும்தான் தூண் முதலில் சாகிறது. நனைவதும் காய்வதுமாக இருக்கும்போது தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு மட்டும் நாளுக்கு நாள் சேரும்.

தண்ணீர்க் கணக்கு

உப்பு வெளியிலிருந்து வருவதற்கு வருஷங்கள் ஆகும். நாமே முதல் நாளில் உள்ளே ஊற்றிவிட்டால் அந்த வருஷங்களும் இல்லை. கான்கிரீட்டுக்கான இந்திய தர நிர்ணயம் 456 (ஐஎஸ் 456), கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் எல்லாப் பொருளும் சேர்ந்து 0.6 கிலோ குளோரைடுதான் இருக்கலாம்.

ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 180 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். போர் தண்ணீரில் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் குளோரைடு இருந்தால் அதிலேயே 0.54 கிலோ வந்துவிடும். மணலில், ஜல்லியில் வருவதற்கு இடமே இல்லை. கடல் தண்ணீரில் லிட்டருக்கு 19,000 மில்லிகிராம். அதில் கலக்கினால் 3.4 கிலோ, அனுமதித்ததைப் போல ஐந்தரை மடங்குக்கு மேல். கரை மணலை "கழுவிட்டோம்" என்று சொல்லிப் போடுவதும் இதே வேலையைத்தான் செய்யும். கழுவிய தண்ணீரும் உப்பாக இருந்தால் கழுவியதற்குப் பொருளில்லை.

சோதிக்க ஆய்வகம் தேடி அலைய வேண்டாம். குடிதண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் பழுதுபார்ப்பவரிடம் இருக்கும் டிடிஎஸ் மீட்டர் போதும், தண்ணீரில் மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று லிட்டருக்கு மில்லிகிராமில் அது காட்டும். அளவு 800க்குக் கீழே இருந்தால், கரைந்திருப்பது அத்தனையும் சமையல் உப்பே என்று வைத்துக்கொண்டாலும் குளோரைடு 485தான் வரும். தைரியமாகக் கலக்கலாம். 800க்கு மேல் போனால் குளோரைடை மட்டும் தனியாகச் சோதித்துக் கேட்க வேண்டும். 2,000, 3,000 என்று காட்டும் தண்ணீரைத் தளத்துக்குத் தொடவே கூடாது. டேங்கர் தண்ணீர் வாங்கக் காசில்லை என்றால் அஸ்திவாரக் கருங்கல் கட்டு, செங்கல் கட்டு ஆகியவற்றுக்கு ஊர்த் தண்ணீரை வைத்துக்கொண்டு, கம்பி வரும் இடத்துக்கு மட்டும் நல்ல தண்ணீர் வாங்குங்கள். கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு அதே தர நிர்ணயம் 2,000 மில்லிகிராம்வரை விடுகிறது. செங்கல் சுவரில் உப்புப் பூத்துப் பூச்சு உதிரும், அது தனித் தொல்லை. ஆனால் சுவர் உதிர்வதும் தலைக்கு மேல் தளம் வெடிப்பதும் ஒன்றில்லை.

அளவும் முக்கியம். கடலோரத்துக்கு உரிய தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45. 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர். மணல் ஈரமாக இருந்தால் அந்த மூட்டைக்குப் போடும் மணலே நாலு லிட்டர் கொண்டுவரும், அதையும் கழிக்க வேண்டும். ஆனால் தளம் போடும் அவசரத்தில் "சரசரன்னு ஓடணும்" என்று முப்பது, முப்பத்தைந்து லிட்டர் ஊற்றுவதுதான் நடக்கிறது. கூடுதலாக ஊற்றிய தண்ணீர் பிறகு ஆவியாகும்போது விட்டுச்செல்லும் நுண்துளைகளின் வழியாகத்தான் கடற்காற்று உப்பு உள்ளே இறங்குகிறது. மூட்டையைக் கூட்டிப்போட்ட வீடும் வெடிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். ஓட வேண்டும் என்றால் தண்ணீரைக் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் கலந்துகொள்ளலாம், வைப்ரேட்டரை ஒழுங்காக ஓட்டலாம்.

சிமெண்ட் விஷயத்தில் கடைகளில் தரும் ஓர் ஆலோசனை நேர்மாறானது. "கடலோரமா? சல்ஃபேட் தாங்கும் சிமெண்ட் போடுங்க" என்பார்கள். குளோரைடைப் பிடித்துக் கட்டிவைக்கும் ஒரு சேர்மம் அந்த வகை சிமெண்டில் குறைவு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு உலைச்சாம்பல் கலந்த பிபிசி, அல்லது இரும்பு உலைக் கசடு கலந்த பிஎஸ்சி நல்லது. இவை துளைகளைச் சிறிதாக்கும், குளோரைடையும் பிடித்துவைக்கும். தூத்துக்குடி அனல்மின் நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. ஒரு நிபந்தனை உண்டு: இந்த சிமெண்டுகள் மெதுவாக இறுகும். சாதாரண சிமெண்டுக்கு 7 நாள் தண்ணீர் ஊற்றினால் போதும் என்றால், இதற்குக் குறைந்தது 10 நாள், நம் வெயிலுக்கு 14 நாள். அந்தத் தண்ணீரும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். தளத்தில் பாத்தி கட்டித் தேக்குங்கள், தூணுக்குச் சாக்கைச் சுற்றி நனையுங்கள். காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் தெளிப்பதற்குப் பெயர் க்யூரிங் இல்லை.

கவர் பிளாக் என்னும் சின்னப் பொருள்

கடலோரக் காற்றுக்கு 45 மில்லிமீட்டர், அலைத் துளி தெறிக்கும் இடத்துக்கு 50, ஓதம் ஏறி இறங்கும் இடத்துக்கு 75. கம்பிக்கு வெளியே இருக்க வேண்டிய கான்கிரீட் கனம், அதாவது கவர், இவ்வளவு. கான்கிரீட்டின் வலுவைச் சொல்லும் தரமும் முறையே எம்30, எம்35, எம்40; எண் கூடினால் வலு கூடும். வேலைத்தளத்தில் நடப்பது 15 அல்லது 20 மில்லிமீட்டர், எம்20. மதுரையில் கட்டிப் பழகிய கை, பாம்பனிலும் அப்படியே கட்டுகிறது.

உப்பு உள்ளே போகும் வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. கனம் இரண்டு மடங்கானால் கம்பியை எட்டும் காலம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. 20 மில்லிமீட்டரை 40 ஆக்கினால், எட்டு வருஷத்தில் வர வேண்டிய துரு முப்பது வருஷத்துக்குத் தள்ளிப்போகும். இதைவிட மலிவான காப்பு எதுவும் கிடையாது. ஆனால் 5 அங்குலத் தளத்தில் கம்பியை வெறுமனே மேலே தூக்கிவிடக் கூடாது, தளத்தின் வலு குறைந்துவிடும். தளத்தையே 6 அங்குலமாக்க வேண்டும். பொறியாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

தளம் போடும் முந்தின நாள் மாலை மேலே ஏறிக் கம்பிக்கு அடியில் குனிந்து பாருங்கள். கம்பியைத் தகட்டிலிருந்து தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டைதான் கவர் பிளாக். அது இருக்க வேண்டிய இடத்தில் ஜல்லித் துண்டோ உடைந்த டைல்ஸோ இருந்தால் அது கால் பட்டதும் நகர்ந்துவிடும், கம்பி சென்ட்ரிங் தகட்டில் உட்கார்ந்துவிடும். மீட்டருக்கு ஒன்று என்று அளவான பிளாக் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து கட்டுக்கம்பி. முடிச்சுப் போட்ட வால் கீழே தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால், பிறகு தளத்தின் அடியில் பொட்டுப் பொட்டாகப் பழுப்புப் புள்ளி வரும். துரு உள்ளே நுழைய அதுவே வாசல். கம்பி கட்டுபவர் வாலை உட்பக்கமாக மடக்கிவிட அரைமணி நேரம் ஆகும்.

சன்ஷேடில் இதே தவறு வேறு மாதிரி நடக்கும். அதன் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது அதன்மேல் மிதித்து நடந்தால் கம்பி கீழே போய்விடும். முனையில் மூன்று அங்குலமே கனம், மேலும் கீழும் முன்னும் உப்புக் காற்று. வீட்டில் முதலில் விழுவது அது என்பதில் வியப்பில்லை.

பிறகு மாடிக் கம்பி. "பையன் கல்யாணத்துக்குள்ள மேல எடுத்துடலாம்" என்று தூண் கம்பியை மொட்டை மாடியில் நீட்டி விடுவது நம் வழக்கம். இந்தக் கரையில் ஐந்து வருஷம் அப்படி விட்டால் மாடி எடுக்கும்போது அந்தக் கம்பி இணைக்கத் தகுதியாக இருக்காது. துரு கம்பி வழியாகவே கீழே தூணுக்குள் இறங்கும். நல்ல தண்ணீரில் கழுவி, துருவைத் தேய்த்து, சிமெண்ட் பால் பூசி, மெலிந்த கலவையில் ஒரு சின்னத் தூண்போல மூடிவிட்டால் போதும். தேவைப்படும்போது உடைத்துக்கொள்ளலாம். கம்பியை வாங்கி வாசலில் ஆறு மாதம் போட்டுவைப்பவர்களும் கட்டும் முன்பு நல்ல தண்ணீரில் கழுவித்தான் ஆக வேண்டும். எபாக்சி பூசிய கம்பி வாங்கினால் வெட்டிய முனையிலும் வளைத்த இடத்திலும் பூச்சு பெயரும், அங்கே மறுபடி பூச வேண்டும். பெயர்ந்த இடத்தில் துரு சாதாரணக் கம்பியைவிடவும் ஆழமாகக் குழி போடும். துரு தாங்கும் கம்பி என்று விற்பவை காலத்தைத் தள்ளிப்போடுமே தவிர, மோசமான கவருக்கு ஈடாகாது.

வெடித்த பிறகு செய்யும் ஒட்டு வேலையில்தான் அதிகப் பணம் வீணாகிறது. உதிர்ந்த இடத்தை மட்டும் தட்டி, கம்பிமேல் சிமெண்ட் பூசி, வெள்ளையடித்தால் இரண்டு வருஷத்தில் ஒட்டுக்குப் பக்கத்தில் வெடிக்கும். புதுக் கலவைக்குள் இருக்கும் கம்பி பாதுகாப்பாகிவிட, ஒட்டிய எல்லையில் உப்பேறிய பழைய கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி அதற்குப் பதிலாக அரிக்கப்படுகிறது, மின்கலத்தின் இரண்டு முனைகள்போல. சரியான முறையில், கம்பிக்குப் பின்னாலும் ஓர் அங்குலம் கொத்தி எடுக்க வேண்டும். துரு இல்லாத கம்பி தெரியும்வரை நீளவாக்கில் கொத்திக்கொண்டே போக வேண்டும். கம்பியைப் பளபளப்பாகும்வரை தேய்த்து நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கால்பங்குக்கு மேல் கரைந்திருந்தால் புதுக் கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். பிறகு துத்தநாகம் கலந்த பிரைமர், அதற்கு மேல் பாலிமர் கலந்த சாந்து.

நூறு வருஷம் நின்ற பாலம்

1914 பிப்ரவரி 24 அன்று திறந்த பாம்பன் ரயில் பாலம் 2022 டிசம்பர் வரை ரயிலைத் தாங்கியது. அதே இரும்பு 108 வருஷம் நின்றது என்று நினைப்பது தவறு. 1964 டிசம்பர் புயலில் 126 கர்டர்கள், அதாவது இரும்பு விட்டங்கள், கடலில் விழுந்தன. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் கடலடியிலிருந்து மீட்டதும் வேறிடங்களிலிருந்து கொண்டுவந்ததுமாக 46 நாளில் மீண்டும் நிறுத்தினார்கள். 2007இல் அகலப்பாதைக்காக மறுபடி வலுப்படுத்தினார்கள். இடைப்பட்ட காலமெல்லாம் சுரண்டுவதும் வண்ணம் பூசுவதும் துண்டுகளை மாற்றுவதும் நிற்காமல் நடந்த வேலை. நடுவில் இருந்த தூக்குப் பகுதியில் துரு கைமீறியதும் போக்குவரத்து நின்றது. அதன் பிறகு இரண்டேகால் வருஷம் ராமேஸ்வரம் வண்டிகள் மண்டபத்திலும் ராமநாதபுரத்திலுமே நின்றன. யாத்திரை வந்தவர், மருத்துவமனைக்குப் போகிறவர், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் என எல்லோருக்கும் 1988இல் திறந்த சாலைப் பாலம் ஒன்றே வழி. ஒரு துருவுக்கு ஒரு தீவு கொடுத்த விலை அது.

2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி 17 மீட்டர் உயரம் நேர் மேலே எழுகிறது. இதற்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் வண்ணமும் பயன்படுத்தியிருக்கிறார்கள். போல்ட், ரிவெட் குறைத்துப் பற்றவைத்த இணைப்புகள் வைத்திருப்பதுதான் இதில் நல்ல சிந்தனை. இரண்டு தகடு சேரும் இடுக்கில்தான் உப்புத் தண்ணீர் தங்கும். ஆனால் 2024 நவம்பரிலேயே ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை துருத் தடுப்பு ஏற்பாட்டைக் குறைசொல்லியது என்பதையும் மறக்கக் கூடாது. கீறல் பட்ட இடம், தகட்டின் கூர்விளிம்பு, பற்றவைத்த தழும்பு என வண்ணம் மெலிந்திருக்கும் இடங்களில்தான் எந்தப் பூச்சும் முதலில் தோற்கும்.

பழைய சுண்ணாம்புக் கட்டடங்களைக் காட்டி இன்றைய கொத்தனாரைக் குறைசொல்வதும் சரியில்லை. தனுஷ்கோடி தேவாலயத்தின் பவளக்கல் சுவர் இடிபாடாகவேனும் நிற்பதற்கும் ராமேஸ்வரம் பிரகாரம் நிற்பதற்கும் பொதுவான காரணம், உப்பு அரித்து வீங்கும் கம்பி சுமை தாங்கும் இடத்தில் இல்லை என்பது. அந்த வழிக்குத் திரும்பவும் முடியாது. பவளம் வெட்டியதில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு மூழ்கிவிட்டன. பவளப்பாறை எடுப்பது இன்று சட்டப்படி குற்றம், அந்தச் சட்டம் தேவையும்கூட.

தூறலுக்குப் போகும் மின்சாரம்

"பெருமழைக்கு நிக்குது, தூறலுக்குப் போயிடுது" என்று மின்வாரியத்தைத் திட்டுவார்கள். கவனித்துச் சொன்ன உண்மை அது, காரணமும் உப்புதான். மழையில்லாத மாதங்களில் கம்பத்தின் பீங்கான் இன்சுலேட்டர்மேல் உப்புப் படிகிறது. காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. விடிகாலைப் பனியோ தூறலோ பட்டதும் அது உப்புத் தண்ணீராகி மின்கசிவு ஓடுகிறது, பொறி பறக்கிறது, ஃபீடர் என்னும் மின்பாதை தானாக அணைந்துவிடுகிறது. பெருமழை உப்பையே கழுவிவிடும். அதனால் கோடை முடிவில், முதல் தூறலுக்கு முன்பு இன்சுலேட்டரைக் கழுவுவது இந்தக் கரைக்குக் கட்டாயமாக இருக்க வேண்டிய வேலை. நிரந்தரத் தீர்வு நீளமான மடிப்புகள் கொண்ட இன்சுலேட்டர். மிகக் கடுமையான மாசுள்ள பகுதிக்குக் கிலோவோல்ட்டுக்கு 31 மில்லிமீட்டர் மேற்பரப்பு நீளம் வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். 11 கிலோவோல்ட் பாதைக்கு, உச்ச அழுத்தம் 12 என்று வைத்து, 372 மில்லிமீட்டர். உள்நாட்டில் பொருத்தும் இன்சுலேட்டரில் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

வீட்டில் பார்க்க வேண்டியது எர்த் குழாய். உப்பு மண்ணில் எர்த் நன்றாகவே வேலை செய்யும், அதனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மண்ணும் காற்றும் சேரும் கழுத்தில் குழாய் கரைந்து ஒருநாள் அறுந்திருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து கிளாம்பை அசைத்துப் பாருங்கள். ஏசி வெளிப்பெட்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் படகு எஞ்சினுக்கும் ஒரே வைத்தியம், நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவுவது.

எதைக் கேட்பது

தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் என்னும் வீட்டுத் திட்டம் 2024இல் ஒரு வீட்டுக்கு ஒதுக்கியது 3.5 லட்சம் ரூபாய். கடலிலிருந்து நூறு மீட்டரில் கட்டினாலும் கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் கமுதியில் கட்டினாலும் அதே தொகை. ஒரு அங்குலம் கூடுதல் தளம், எம்30 கான்கிரீட், டேங்கர் தண்ணீர் ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை. மீனவர் குடியிருப்புகள் சீக்கிரம் வெடிப்பதற்குக் கட்டியவரின் நேர்மையைப் போலவே இந்தத் தொகையும் காரணம். கடலோர ஒன்றியங்களுக்குத் தனி மதிப்பீடு வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை, உரக்கக் கேட்க வேண்டிய கோரிக்கை.

ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி இன்னும் அவசரம். கீழே பள்ளிக்கூடமோ ரேஷன் கடையோ இருக்கும். தூண்களின் கீழ்ப்பகுதி, குறுக்கு விட்டம் சேரும் இடம், தொட்டி மூடியின் உட்பக்கம் ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மூடியின் உட்பக்கம் எப்போதும் ஈரமும் குளோரின் ஆவியுமாக இருக்கும், மேலே ஏறாமல் அது தெரியாது. சுத்தியால் தட்டினால் நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும், உள்ளே பிரிந்தது பொத்தென்று ஒலிக்கும். அடுத்த கட்டம், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியின் மின்னழுத்தச் சோதனை. தாமிர சல்ஃபேட் மின்முனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே காட்டினால் அங்கே துரு ஓடிக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. பொறியியல் கல்லூரிகளில் இந்தக் கருவி கிடைக்கும். அளவுகளை தேதியோடு எழுதி கிராம சபையில் வைக்கச் சொன்னால் அடுத்த வருஷம் ஒப்பிட முடியும்.

பழுதுபார்க்கும் மாதமும் முக்கியம். கொத்தித் திறந்த கம்பிமேல் ஓர் இரவு உப்புத் துளி படிந்தால் மறுபடி கழுவித்தான் பூச வேண்டும். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் போன்ற தென்கடல் ஊர்களுக்கு மாசி, பங்குனி ஏற்றது. தொண்டி, தேவிபட்டினம் போன்ற வடகடல் ஊர்களுக்கு ஆடி, ஆவணி. நிதி ஒதுக்கீட்டை இந்த மாதங்களுக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மார்ச் கடைசியில் பணம் வந்து, தென்மேற்குக் காற்று முழு வேகத்தில் அடிக்கும் ஆனியில் தென்கடல் ஓரத்தில் சாந்து பூசினால் அந்தச் சாந்து ஒட்டாது.